அரைக் கிரவுன் புத்தகமும் கொங்கு நாட்டாரின் களஞ்சியமும்

சித்திரங்கள் நிறைந்த புத்தகம் ஒன்று சாமானியக் குடும்பத்துப் பிள்ளையின் கைக்கு எட்டும்படி மலிவாகக் கிடைப்பது, அச்சுத் தொழிலின் பூர்வ சரித்திரத்தைச் சற்றேனும் அறிந்தவர்களுக்குச் சாதாரண விஷயமாகத் தோன்றாது. எழுத்தை மட்டும் அச்சிட ஒரு செலவு ஆகுமென்றால், அதே பக்கத்தில் வண்ணப்படம் ஒன்றையும் சேர்த்து அச்சிட அதைப் போலப் பல மடங்கு ஆகும். அந்தச் செலவை யாரேனும் ஒருவர் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டால்தான் புத்தகத்தின் விலை இறங்கும். இங்கிலாந்தில் அதனை ஏற்றது ஓர் அச்சகத்தின் சாமர்த்தியமான கணக்கு. தமிழ்நாட்டில் ஏற்க முன்வந்தவர்களோ புத்தக வியாபாரிகள் அல்லர். ஒரு மந்திரி, ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், ஒரு பொறியியற் கல்லூரியின் முதல்வர். மூவரும் கொங்கு நாட்டவர் என்பது யாரும் திட்டமிட்டு நேர்ந்ததன்று; ஆயினும் அதை முற்றிலும் தற்செயல் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சீமைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லெஸ்டர்ஷயரில் லஃப்பரோ என்னும் ஊரில் ஹென்றி வில்ஸ் என்பவர் 1867இல் ஒரு புத்தகக் கடை திறந்தார். 1904இல் வில்லியம் ஹெப்வொர்த் என்பவர் அவருடன் கூட்டுச் சேர, வில்ஸ் அண்டு ஹெப்வொர்த் என்ற அச்சகம் உருவாயிற்று. குழந்தைப் புத்தகங்களுக்கென்று ‘லேடிபேர்ட்’ என்ற வண்டுச் சின்னத்தை அவர்கள் 1915இலேயே பதிவு செய்துகொண்டார்கள் என்றாலும், அவர்களுக்குச் சோறு போட்டது மோட்டார்க் கம்பெனிகளின் விலைப்பட்டியல்களும் விளம்பரத் தாள்களுமே. இரண்டாவது மகாயுத்தம் மூண்டதும் அந்த வேலைகள் நின்றன. காகிதத்துக்கோ கடுமையான கட்டுப்பாடு வந்தது. இயந்திரங்கள் சும்மா நின்றன. அந்த இக்கட்டில், நாற்பது அங்குலத்துக்கு முப்பது அங்குலம் அளவுள்ள ஒரே தாளில், அதாவது நம் ஊர் அச்சகத்தார் ‘டபுள் கிரவுன்’ என்று சொல்லும் தாள் இரண்டைச் சேர்த்தால் வரும் அளவில், ஐம்பத்தாறு பக்கமுள்ள ஒரு முழுப் புத்தகத்தையும் அடக்கிவிடலாம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஒரு பக்கம் எழுத்து, எதிர்ப்பக்கம் முழு வண்ணச் சித்திரம். மடித்து வெட்டினால் வீணாகும் காகிதம் அநேகமாக இல்லை. 1940இல் அந்த அளவில் முதற்புத்தகங்கள் வந்தன. பின்னர் நிலைபெற்ற விலை இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது அரைக் கிரவுன். நாணய முறையே மாறிய 1971ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அந்த விலையை அவர்கள் ஏற்றவில்லை.

விலையை நிறுத்தியது தாளின் அளவு. விஷயத்தை விரித்தது அந்த ஸ்தாபனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகிய டக்ளஸ் கீன். பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும் ஏறி இறங்கிய அனுபவத்தில், முயலும் பூனையும் பேசும் கதைகளைத் தவிர, உலகத்தை உள்ளபடி காட்டும் புத்தகங்களையும் பிள்ளைகள் விரும்புவார்கள் என்று அவர் கண்டார். முதலாளிகளை நம்பவைக்கத் தம் மனைவியையும் மாமியாரையும் கொண்டே மாதிரிப் படங்கள் வரையச் செய்து, பறவைகளைப் பற்றிய ஒரு புத்தகத்தின் மாதிரியை வீட்டிலேயே தயாரித்தார் என்பது அத்தொழிலில் பிரசித்தமான செய்தி. அந்தப் பறவைப் புத்தகம் 1953இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு இயற்கை, சரித்திரம், இயந்திரங்கள், தொழில்கள் என்று வரிசை வரிசையாக வந்த நூல்களுக்கு சார்லஸ் டனிக்லிஃப் போன்ற முதல்தரச் சித்திரக்காரர்கள் படம் வரைந்தார்கள். குழந்தைக்குரிய புத்தகம்தானே என்று படத்தில் அலட்சியம் காட்டாமல், பெரியவர்களின் கண்காட்சிக்கு அனுப்பும் சிரத்தையோடு அவர்கள் வரைந்ததுதான், என் அபிப்பிராயத்தில், அந்த வரிசையின் முழு வெற்றிக்கும் காரணம். தாள் கணக்கை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம்.

யார் வேண்டுமானாலும் என்று சொன்னேன்; தமிழ்நாட்டு அச்சகத்தாரால் அது முடிந்ததா என்றால், முடியவில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள ஈய எழுத்துக் காலத்து அச்சகம் ஒன்றின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும். கம்பாசிட்டர் ஒருவர் எழுத்துப் பெட்டியின் முன் நின்றுகொண்டு, இருபத்தாறு எழுத்தோடு முடிந்துவிடும் ஆங்கிலத்தைப் போலன்றி, உயிர்மெய்யும் கொம்பும் சுழியுமாக நூற்றுக்கணக்கான அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பாரம் கட்டுவார். படம் வேண்டுமென்றால் அது பிளாக் செய்யும் கடைக்குப் போகவேண்டும். அங்கே, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இழைத்த கண்ணாடித் திரையின் வழியாகப் படத்தைப் புகைப்படம் பிடித்தால், நிழல் அடர்ந்த இடத்தில் பெரிய புள்ளியாகவும் வெளிச்சமான இடத்தில் சிறு புள்ளியாகவும் படம் சிதறிப் பதியும். அந்தப் புள்ளிகளைத் துத்தநாகத் தகட்டிலோ தாமிரத் தகட்டிலோ அமிலத்தால் அரித்தெடுத்து, எழுத்தின் உயரத்துக்குச் சமமான மரக்கட்டையில் ஆணியடித்துக் கொடுப்பார்கள். வண்ணப்படமானால் மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு பிளாக்குகள். ஒவ்வொரு தாளும் நான்கு முறை இயந்திரத்துக்குள் போய் வரவேண்டும். மயிரிழை விலகினாலும் கிளியின் சிவப்பு மூக்கு அதன் முகத்தை விட்டுத் தனியே நிற்கும். மேலும், நுண்ணிய புள்ளிகள் சாதாரணக் காகிதத்தில் அப்பிக்கொள்ளுமாகையால், வெள்ளைக் களிமண் பூசி மெருகேற்றிய ஆர்ட் காகிதம்தான் வேண்டும். இத்தனையும் செய்து இரண்டாயிரம் பிரதி அச்சிட்டால் ஒரு பிரதிக்கு விழும் செலவு என்ன என்பதை ஊகித்துக்கொள்ளலாம். லஃப்பரோக்காரர்களுக்கு லட்சக்கணக்கில் பிரதிகள் விற்கும் சந்தை இருந்தது. தமிழ்ப் பதிப்பாளருக்கு ஆயிரக்கணக்கே பெரிய சந்தை.

இந்த நிலையில்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் சென்னை ராஜதானியின் கல்வி மந்திரியானார். தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1903இல் திருப்பூரில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1930இல் கோவையில் ஒரு வாடகைக் கட்டடத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கியவர். நகரத்துக்கு வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில் அது வேரூன்றியது. அங்கே கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவர், ஹரிஜன யாத்திரையாக 1934இல் இப்பக்கம் வந்த காந்தியடிகள். கையால் உழைப்பதையும் தாய்மொழியில் கற்பதையும் சேர்த்துப் போதித்த குருகுலம் அது. தமிழில் கற்பி என்று மேடையில் முழங்குவது எளிது. வகுப்பில் நின்று கற்பிக்கும்போதுதான் பாட்டரி எப்படி வேலை செய்கிறது, திமிங்கிலம் எப்படி மூச்சு விடுகிறது என்று பிள்ளை கேட்டால் எடுத்துக் காட்டத் தமிழில் ஒரு புத்தகம் இல்லையே என்ற குறை உறைக்கும். அவினாசிலிங்கம் அந்தக் குறையை வித்தியாலயத்தில் உணர்ந்து, அதைக் கோட்டைக்குள் எடுத்துச் சென்றார் என்று நான் கருதுகிறேன்.

1946 முதல் 1949 வரை அவர் மந்திரியாக இருந்த மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றைத் தனித்தனியே பாராட்டுவது வழக்கம். அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்சி மொழியாக்கினார். 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். நாடு விடுதலை பெற்ற 1947இல் அக்கழகத்தின் வாயிலாகத் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் தயாரிக்கும் திட்டம் பிறந்தது. நூலக சாஸ்திர நிபுணர் எஸ். ஆர். ரங்கநாதன் நெடுநாள் வற்புறுத்திவந்த பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக, 1948இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. 1949இல் பாரதியார் நூல்களின் உரிமையை அரசாங்கமே வாங்கும் என்ற அறிவிப்பும் அவர் வாயிலாகவே வந்தது. படிக்கும் பாஷை, படிப்பதற்கு நூல், நூலை வைத்திருக்க ஊர்தோறும் ஓர் இடம், அந்த இடத்துக்குப் பணம் வர வீட்டு வரியோடு சேர்ந்த ஒரு சிறு வரி: இவை வெவ்வேறு சாதனைகள் அல்ல, ஒரே ஏற்பாட்டின் அங்கங்கள். இங்கிலாந்துப் பிள்ளை அரைக் கிரவுன் கொடுத்துத் தன் புத்தகத்தைத் தானே வாங்கியது. அவினாசியிலோ மொடக்குறிச்சியிலோ இருக்கும் பிள்ளைக்காக அதன் ஊரே வரி கொடுத்து வாங்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. மலிவு என்பதற்கு இவர் கொண்ட பொருள் பிரதியின் விலையைக் குறைப்பதன்று. ஒரு பிரதியைப் பலர் கைக்குக் கொண்டுபோவது.

கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, பல்கலைக்கழகப் பேராசிரியர்களை விட்டுவிட்டு, தம் வித்தியாலயத்துத் தலைமையாசிரியரையே அவர் அழைத்தார். அவரே ம. ப. பெரியசாமித் தூரன். ஈரோட்டுக்கு அருகே மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். தூரன் என்பது கொங்கு வேளாளருள் அவர் குலத்தின் பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் படித்தவர், பகத்சிங் தூக்கிலிடப்பட்ட 1931இல் பட்டப் பரீட்சையை எழுதாமல் புறக்கணித்துவிட்டு ஊர் திரும்பினார். மாணவராக இருக்கையிலேயே நண்பர்களுடன் ‘பித்தன்’ என்ற பத்திரிகை நடத்தினார். கோபிசெட்டிபாளையத்தில் வைரவிழாப் பள்ளியில் ஆசிரியராக இருந்துவிட்டு, வித்தியாலயத்துக்கு வந்து சேர்ந்தார். கவிதை, சிறுகதை, நாடகம், நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள், நாட்டுப் பாடல்களின் தொகுப்பாகிய ‘காற்றில் வந்த கவிதை’, பாரதியின் சிதறிக் கிடந்த எழுத்துக்களைத் தேடிச் சேர்த்த ‘பாரதி தமிழ்’ என்று அவருடைய உழைப்புப் பல துறைகளில் பரந்தது. சங்கீத ரசிகர்கள் அவரைச் சாகித்திய கர்த்தாவாக மட்டுமே அறிவார்கள். அவர் ‘குழந்தை உள்ளம்’, ‘குமரப் பருவம்’, ‘அடிமனம்’ என்று மனோதத்துவ நூல்களும் எழுதியவர் என்பதை எடுத்துச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். நம் கதைக்கு முக்கியமானவை அந்த நூல்களே. விஷயத்தை எப்படிச் சொன்னால் பிள்ளையின் மனத்தில் பதியும் என்பதை அவர் வகுப்பறையிலும் ஆராய்ந்தார், எழுத்திலும் ஆராய்ந்தார். ஒரு கலைக்களஞ்சியத்தின் ஆசிரியருக்குப் பாண்டித்தியத்தைக் காட்டிலும் இது அவசியமான யோக்கியதை.

தமிழில் அகராதி வரிசையில் செய்தி தொகுக்கும் முயற்சி அதற்கு முன் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இலும், சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இலும் வந்தன. அவை பெரும்பாலும் புராணம், இலக்கியம், சமயம் ஆகியவற்றின் கிரந்தங்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரின் வாழ்நாட் பிரயாசை. கலைக்களஞ்சியத்துக்குத் தேவைப்பட்டதோ தாவரம், ரசாயனம், பொருளாதாரம், சட்டம், பொறியியல் ஆகிய அனைத்தையும் அந்தந்தத் துறை அறிந்தவரைக் கொண்டே எழுதுவிக்கும் நவீன முறை. 1948இல் தூரன் பொறுப்பேற்றுச் சென்னையில் காரியாலயம் அமைத்தார். கட்டுரையாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். துறை அறிந்தவருக்குத் தமிழில் எழுதப் பழக்கமில்லை. தமிழில் எழுதத் தெரிந்தவருக்குத் துறை தெரியாது. ஆகவே ஆங்கிலத்தில் வந்த கட்டுரைகளைத் தமிழாக்கி, ஒரே பொருளுக்கு ஒருவர் ஒரு சொல்லும் மற்றொருவர் வேறொரு சொல்லும் ஆண்டிருந்தால் அவற்றை இணக்கி, பிறகு அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது, ஒன்பதாவது 1963இல், இணைப்புத் தொகுதியாகிய பத்தாவது 1968இல். தொகுதி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 750 பக்கம். மாநில அரசும் மத்திய அரசும் மானியம் அளித்தன. தனவந்தர்களிடம் நன்கொடையும் திரட்டப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்திய மொழிகளில் இவ்வளவு விரிவாக நிறைவேறிய முதல் கலைக்களஞ்சியம் இதுவே. காசி நாகரி பிரசாரிணி சபையின் ஹிந்தி விசுவகோசம் 1960இல்தான் வெளிவரத் தொடங்கியது.

சென்னையில் இந்தப் பெரும்பணி நடந்துகொண்டிருக்கையில், கோவையில் அதே நோக்கத்தோடு வேறொரு காரியம் மாதந்தோறும் நடந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூரின் செல்வம் பஞ்சிலிருந்து வந்தது. ஸ்டேன்ஸ் துரையின் மில் 1888இல் தோன்றியது; 1930களின் தொடக்கத்தில் பைகாரா மின்சாரம் வந்தபின் மில்களின் புகைபோக்கிகள் பெருகின; மில்லுக்கு வேண்டிய பாகங்களை வார்க்கும் பட்டறைகளும், கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிற்சாலைகளும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் எழுந்தன. அங்கே லேத்தில் நிற்கும் தொழிலாளிக்கும், மோட்டாரைத் தோட்டத்தில் மாட்டிய குடியானவருக்கும் விஞ்ஞானம் புத்தக விஷயமல்ல, அன்றாட ஜீவனம். மின்சாரம் நின்றால் வாழைக்குத் தண்ணீர் இல்லை. அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. மோட்டாரோடு வந்த விளக்கத் தாளோ ஆங்கிலத்தில் இருந்தது.

பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர்கள் நால்வரும் சொத்தைப் பிரிக்கையில் ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கி 1926இல் பூ.சா.கோ. அறநிலையத்தை ஏற்படுத்தினார்கள். அக்குடும்பத்தில் தோன்றி, இங்கிலாந்து சென்று பொறியியல் கற்றுவந்த ஜி. ஆர். தாமோதரன், 1951இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர். பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். கல்லூரி தோன்றுவதற்கு முன்பே, 1949இல், ‘கலைக்கதிர்’ என்ற விஞ்ஞான மாத இதழை அவர் கோவையிலிருந்து நடத்தத் தொடங்கினார். கதை இல்லை, சினிமா இல்லை, துணுக்கு இல்லை. அணுவும் எஃகும் பயிர்நோயும் நட்சத்திரமுமே விஷயம். இத்தகைய பத்திரிகை லாபம் தரும் என்று அவரே எண்ணியிருக்க மாட்டார். கலைச்சொற்களைத் துறைவாரியாகத் தொகுத்து நூலாக வெளியிடும் வேலையையும் கலைக்கதிர் மேற்கொண்டது. கோடு போட்டு வரைந்த படங்கள்தான் அதில் மிகுதி. அதற்குக் காரணம் ரசனைக் குறைவன்று, கோட்டுப்பட பிளாக் மலிவு என்பதே. ஒரு யந்திரத்தின் உள்ளமைப்பை விளக்குவதற்கு வண்ணத்தைவிடக் கோடே சிறந்தது என்றும் சொல்லலாம். இல்லாமையிலிருந்து பிறந்த முறைதான் அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிகள் முடிந்த 1968இலேயே ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ என்ற வரிசையின் முதல் தொகுதியும் வெளிவந்தது. ஆசிரியர் தூரனே, பத்தாவது தொகுதி 1976இல் நிறைவேறியது. இதற்கு முன்மாதிரி எதுவென்று தேடினால் ஆர்தர் மீ என்ற ஆங்கிலப் பத்திரிகையாளரின் ‘சில்ட்ரன்ஸ் என்சைக்ளோபீடியா’ நினைவுக்கு வரும். அது 1908ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு பகுதியாக ஐம்பது பகுதிகள் வெளிவந்து, பின்னர் கட்டமைந்த தொகுதிகளாக உலகெங்கும் விற்றது. மொத்தமாகப் பணம் கொடுக்க இயலாத குடும்பமும் சில பென்ஸ் கொடுத்துப் பகுதி பகுதியாக வாங்கட்டும் என்ற வியாபார உபாயம் அதில் இருந்தது. அந்தப் பகுதிகள் சீமையில் விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டில்தான் மஞ்சக்காட்டுவலசில் தூரன் பிறந்தார் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

ஆனால் இரண்டு நூல்களின் சுபாவமும் வேறு. மீயின் நூல் பிள்ளையை அருகே உட்காரவைத்துக் கதை சொல்லுவது. பூமி, மனிதன், நம் தேசம் என்று பொருட்பகுதிகளாக ஓடுவது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யமே உலகத்தின் மையம் என்ற நம்பிக்கை அதன் பக்கங்களில் பரவிக் கிடப்பது. தூரனுடையது அகரவரிசையில் அமைந்தது. ஒவ்வொரு தொகுதியும் ஏறத்தாழ நூறே பக்கம், பக்கம் அகலம், எழுத்துப் பெரிது, வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள். வாக்கியங்கள் சிறியவை. பெரியவர்களின் களஞ்சியத்தில் இரண்டு பத்தியாக நெருக்கி அச்சிட்ட செய்தியை இங்கே ஒரு படமும் நாலைந்து வாக்கியமுமாகக் கரைத்துக் கொடுக்கிறார். குழந்தைகளுக்கென்று எழுதுகிற பலர், கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிற குரலில் எழுதுவார்கள். அந்தக் குரல் தூரனிடம் இல்லை. விஷயத்தைச் சொல்லுகிறார், படத்தைக் காட்டுகிறார், அடுத்ததற்குப் போகிறார். கீர்த்தனத்தில் ஒரு சொல்லும் மிகாமல் பார்த்துக்கொண்டவருக்கு இது இயல்பாகவே வந்திருக்கும்.

பக்கம் நூறு என்று நிர்ணயித்ததில் லஃப்பரோவின் விவேகம் தென்படுகிறது. பிள்ளையால் தூக்க முடிகிற புத்தகம் அது. ஆனால் விலையில் அந்த விவேகம் நிறைவேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆர்ட் காகிதமும் வண்ண அச்சும் சேர்ந்த நூலை, மானியம் இருந்தும், நெசவாளியோ பண்ணையாளோ தன் பிள்ளைக்காக வாங்கி வீட்டில் வைக்கும் விலைக்கு இறக்க இயலாது. ஆகவே இரண்டு களஞ்சியங்களும் வீடுகளைவிட நூலகங்களிலும் பள்ளிகளிலுமே குடிபுகுந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் இங்கேதான் விளங்கியது. பயனோடு ஒரு குறையும் விளங்கியது: விலையுயர்ந்த நூல் என்பதால் பல பள்ளிக்கூடங்களில் அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்டு, ஆய்வாளர் வரும் நாளில் தூசு தட்டப்படும் பொருளாயிற்று. சாவியை வைத்திருக்கும் ஆசிரியரின் மனத்தைப் பொறுத்து அந்த ஊர்ப் பிள்ளைகளின் அதிருஷ்டம் அமைந்தது.

இதற்கிடையில் தமிழில் வியாபார முறையில் மலிவு கண்டவர்களும் உண்டு. சக்தி காரியாலயத்து வை. கோவிந்தன், அரசாங்கம் பொதுவுடைமையாக்கிய பாரதி கவிதைகளை 1957இல் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். ஆறு பென்ஸ் விலையில் 1935இல் தோன்றிய பெங்குவின் புத்தகங்களோடு அதை ஒப்பிடுவார்கள். ஆனால் அந்தப் பாரதி பதிப்பு படப் புத்தகமன்று. படத்தோடு மலிவு கண்டது ‘அம்புலிமாமா’. 1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அப்பத்திரிகை, பின்னர் மற்ற மொழிகளிலும் விரிந்து, ஒரே சித்திரத்தை எல்லா மொழிகளுக்கும் பொதுவாக்கிக்கொண்டு, எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. 1957இல் ஏற்பட்ட நேஷனல் புக் டிரஸ்டும் தன் நேரு குழந்தைகள் புத்தக வரிசையில் இதே வழியைக் கையாண்டது. மஞ்சளும் சிவப்பும் நீலமும் எல்லா மொழிக்கும் ஒரே தடவையில் அச்சாகிவிடும், கறுப்பு மையில் மட்டும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தகடு மாறும். மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்து நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் நம்ப முடியாத விலைக்கு விற்ற சோவியத் குழந்தைப் புத்தகங்களின் ரகசியத்திலும் பாதி இதுவே. மறுபாதி சோவியத் அரசாங்கத்தின் கஜானா. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் களஞ்சியத்துக்கு இந்த உபாயம் உதவவில்லை. அது தமிழுக்கென்றே எழுதப்பட்டது. தமிழ் அகரவரிசையில் அடுக்கப்பட்டது. வேறு மொழிக்காரர் அதன் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வழியில்லை. அதன் தனிச்சிறப்பே அதன் செலவுக்கும் காரணமாயிற்று.

1968இல் தூரனுக்கு பத்மபூஷண் விருது வந்தது. அதே விருதை அவினாசிலிங்கம் 1970இல் பெற்றார். தூரன் 1987ஆம் ஆண்டு ஜனவரியில் மறைந்தார். அவினாசிலிங்கம் மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1991இல் மறைந்தார். லஃப்பரோவின் ஸ்தாபனம் 1972இல் பெரிய கம்பெனி ஒன்றின் வசமாகி, பிற்பாடு பெங்குவினோடு இணைக்கப்பட்டது. அவ்வூரில் நடந்த அச்சுவேலை 1990களின் இறுதியில் நின்றது. தமிழ் வளர்ச்சிக் கழகம் அவ்வாறு எவர் வசமும் ஆகவில்லை. கரூரை அடுத்த சிற்றூரொன்றில் பிறந்து அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய வா. செ. குழந்தைசாமி, அதாவது மற்றுமொரு கொங்கு நாட்டவர், பிற்காலத்தில் அதன் தலைமையை ஏற்று மருத்துவக் களஞ்சியத் தொகுதிகளை வெளிக்கொணர்ந்தார். பழைய பத்துத் தொகுதிகளும் குழந்தைகளின் பத்துத் தொகுதிகளும் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றில் கோவை ஜில்லா அக்காலத்து எல்லைகளோடும் அக்காலத்து ஜனத்தொகையோடும் அப்படியே இருக்கிறது. திருப்பூரும் ஈரோடும் அதனுள்ளேயே அடக்கம்.